ஜவ்வாது மலையில் இடுப்புக்கு ஐஸ் வைப்பது எப்படி?

உங்கள் இடுப்பு வலி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டதா? வாழ்த்துகள். அதுவரை அது வெறும் பிடிப்பு. இனி அதற்கு 'நாள்பட்ட வலி' என்று பெயர், பதவி உயர்வு வந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் இடுப்பு வலிக்காரர்கள் 61.9 கோடிப் பேர். 2050இல் 84.3 கோடி ஆகிவிடுவார்களாம். இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு ஒரு கட்சியே ஆரம்பிக்கலாம். மாநாட்டுக்கு நாற்காலி வாடகை மிச்சம், நம் ஆட்கள் நின்றுகொண்டே கேட்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு ஆலோசனை சொல்ல மட்டும் ஆள் பஞ்சமே கிடையாது. கட்டாந்தரையில் படு என்பார் ஒருவர், பெல்ட் போடு என்பார் இன்னொருவர். அவற்றில் நோகாமல் நோன்பு கும்பிடும் வழி ஐஸ் ஒன்றுதான். வைத்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். அதையும் குளிர் ஊரில் போய் வைத்துக்கொண்டால் இரட்டைப் பலன் கிடைக்கும் என்று நம்புகிறவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. ஊட்டி, கொடைக்கானலைச் சொல்லவில்லை; அங்கே அறை வாடகையைக் கேட்டாலே இடுப்பு ஒடிந்துவிடும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டத்திலும் நீட்டிப் படுத்திருக்கிறது ஜவ்வாது மலை. நமக்கு அதுதான் பொருத்தம்.

முதலில் பஸ். போளூரிலிருந்து மலை மேலுள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறுங்கள். திருப்பத்தூர் பக்கமிருந்தும் ஆலங்காயம் பக்கமிருந்தும்கூட மலைக்கு ரோடு உண்டு. எந்த வழியில் போனாலும் வளைவுகளுக்குக் குறைவில்லை. கடைசி வரிசை சீட்டைப் பிடியுங்கள். பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிற இடம் அது, ரோட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் நேராக உங்கள் வால் எலும்புக்கு வந்து சேரும். மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் உடம்பு முழுக்க அதிர்வதும் இடுப்பு வலியோடு சம்பந்தப்பட்டவை என்பது டிரைவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட சங்கதி. வைத்தியம் எடுபட வேண்டுமானால் முதலில் வைத்தியம் பண்ணும் அளவுக்கு வலி வேண்டுமே, அதை இந்த சீட் பார்த்துக்கொள்ளும். நாலாவது வளைவில் நீங்கள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே ஒரு பார்வை பார்ப்பார்.

"இன்னா சார், இடுப்பா?"

"ஆமாம்."

"எனக்கும்தான் சார். நின்னா வலிக்காது, நில்லுங்க."

பயணத்திலேயே உருப்படியான வைத்தியக் குறிப்பு இதுதான். ஆனால் காசு கொடுக்காமல் கிடைத்த ஆலோசனை என்பதால் நீங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து ஐஸ். இதைப் போளூரிலேயே வாங்கி, மீன் கடைக்காரர் தரும் தெர்மகோல் பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பெட்டியின் மூலையில் விரிசல் விட்டிருக்கும். மலை ஏறி முடிப்பதற்குள் உங்கள் பேன்ட் நனைந்து, பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலோரம் ஒதுங்கி, இறங்கும்போது பெட்டிக்குள் மீன் வாடை அடிக்கும் தண்ணீர்தான் மிஞ்சும். மனம் தளர வேண்டாம். 1833இல் பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி பாஸ்டனிலிருந்து கப்பலில் சுமார் 180 டன் ஐஸ் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதம் கடலில் மிதந்து வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது. சென்னைக்கும் அந்த வியாபாரம் வந்தது. 1842இல் கடற்கரையோரம் கட்டிய ஐஸ் ஹவுஸ் அதற்காகத்தான். 1897இல் விவேகானந்தர் வந்து தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். பூமியைச் சுற்றிக்கொண்டு வந்த ஐஸ் பாதிக்கு மேல் பிழைத்திருக்கிறது, போளூர் ஐஸ் பிழைக்கவில்லை. டியூடர் மரத்தூள் போட்டுப் பொதிந்தார், நீங்கள் தெர்மகோலை நம்பினீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, விடுங்கள். ஜமுனாமரத்தூர் டீக்கடையிலேயே கூல்டிரிங்ஸ் வைக்கும் ஃப்ரிட்ஜ் இருக்கும். வெளிநாட்டு வைத்தியக் குறிப்புகள் எல்லாம் உறைய வைத்த பட்டாணிப் பாக்கெட்டை இடுப்பில் வைக்கச் சொல்கின்றன. கடைக்காரரிடம் பட்டாணி கேட்டால் சுண்டல் தருவார். அதனால் டீ குடிக்கும் பேப்பர் கப்பை நாடுங்கள். கப்பில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். உறைந்ததும் கப்பின் மேல் விளிம்பை விரலகலத்துக்குச் சுற்றிக் கிழித்தால் ஐஸ் வெளியே எட்டிப் பார்க்கும். மிச்ச பேப்பர் உங்கள் விரலுக்குக் கைப்பிடி. அதை வலிக்கிற இடத்தில் வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும், ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது. கேலிக்காகச் சொல்லவில்லை, பிசியோதெரபிக்காரர்கள் உண்மையிலேயே செய்கிற முறை இது. ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. நடு முதுகெலும்பின் முடிச்சுகள் மேல் அழுத்தாமல் இரு பக்கத்துச் சதையில் மட்டும் தேய்ப்பது நல்லது. தேய்க்க இன்னொரு ஆள் வேண்டும். உங்கள் இடுப்பை நீங்களே எட்டித் தேய்க்க முடிந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

தேய்க்கும்போது நான்கு கட்டம் வரும். முதலில் ஜில். உடனே சட்டையை இறக்கிவிட்டு "போதும்டா" என்பீர்கள், விடக் கூடாது. இரண்டாவது எரிச்சல். ஐஸ் ஏன் எரிகிறது என்று தத்துவம் பேசத் தோன்றும் நேரம். மூன்றாவது குடைச்சல், அதாவது எந்த வலிக்காக வந்தீர்களோ அதைவிட ஒரு படி மேலான வலி. நான்காவது மரத்துப் போதல். இதற்குத்தான் இத்தனை பாடு. மரத்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் தோல் வெந்துபோகும். ஐஸ் பையாக வைப்பதானால் நடுவில் ஈரத்துண்டு அவசியம். பத்து முதல் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐஸ் பையின் மேல் மல்லாந்து படுத்துத் தூங்கிவிடுவது நம் ஊர் வழக்கம். அப்படித் தூங்கினால் ஐஸ் சுட்ட தழும்போடு எழுந்திருக்க வேண்டி வரும். சர்க்கரை நோயில் உணர்ச்சி மங்கியவர்கள், குளிர் பட்டால் விரல் வெளுத்துப்போகும் ரத்த ஓட்டக் கோளாறு உள்ளவர்கள், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தடித்துப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

ஐஸ் உள்ளே என்ன செய்கிறது? தோலின் வெப்பம் பதின்மூன்று, பதினான்கு டிகிரிக்கு இறங்கினால் நரம்பில் செய்தி ஓடும் வேகம் குறைகிறது, ரத்தக்குழாய் சுருங்குகிறது, வலி மங்குகிறது. மார்கழி ராத்திரியில் ஜவ்வாது மலையில் திறந்த முதுகோடு உட்கார்ந்தால் இது நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்காது. காற்றுக் குளிருக்கு அந்த வேலை தெரியாது, அது உங்கள் சதையை விறைக்க வைத்துவிட்டுப் போகும். ஆக, நீங்கள் நம்பி வந்த இரட்டைப் பலனில் ஒன்று இங்கேயே கழிந்தது. ஐஸுக்கும் எல்லை உண்டு. தோலைக் குளிர வைப்பது சுலபம். அதன் அடியில் கொழுப்பு, அதற்கும் அடியில் தடித்த தசை. முதுகெலும்பின் வட்டு இருப்பது அதற்கும் உள்ளே. பேப்பர் கப் அதுவரைக்கும் போகாது. வயிற்றிலும் இடுப்பிலும் செழிப்பானவர்களுக்கு இன்னும் தாமதம்.

இந்தக் கட்டத்தில் உங்கள் அத்தையிடமிருந்து போன் வரும். சிக்னல் எங்கேயும் கிடைக்காவிட்டாலும் அத்தையின் அழைப்பு மட்டும் வந்துவிடும்.

"அறிவிருக்காடா உனக்கு? இடுப்புல ஜில்லுன்னு எதையாவது வைப்பாங்களா? வாயு பிடிச்சுக்கும். உப்பை வறுத்து துணியில முடிஞ்சு ஒத்தடம் குடு."

அத்தையை எதிர்த்துப் பேச வேண்டாம். விஞ்ஞானம் அவர் கட்சியில் இருக்கிறது. வாயுவைப் பற்றி அல்ல, ஒத்தடத்தைப் பற்றி. சூடும் குளிரும் இடுப்பு வலிக்கு எவ்வளவு உதவும் என்று காக்ரேன் அமைப்பு 2006இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 9 சோதனைகள், 1117 பேர். புதிதாக வந்த வலிக்குச் சூட்டுப் பட்டை கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் சுகம் தருகிறது என்று தெரிந்தது. குளிரைப் பற்றி முடிவு சொல்லப் போதுமான சான்று இல்லை. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியிலும் புது வலிக்குச் சூட்டுக்குத்தான் இடம் கிடைத்தது. ஐஸ் கட்சிக்கு இன்னொரு அடியும் உண்டு. காயம் பட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல பத்தாண்டு கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே எழுதினார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் வைத்தியர் அபூர்வம், அந்த மட்டில் மிர்கின் பெரிய மனிதர். நம் வீடுகளில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

என்றாலும் ஒன்று. நாள்பட்ட வலியில் ஒருவருக்குச் சூடு இதமாக இருக்கும், ஒருவருக்குக் குளிர். எது இதமோ அது போதும். இரண்டும் இருபது நிமிட வேலை. கட்சி கட்டிச் சண்டை போடும் அளவுக்கு இரண்டிலும் சரக்கு இல்லை.

இவ்வளவு படித்தும் ஐஸ் போதாது என்பவர்கள் பீமன் அருவிக்குப் போகலாம். ஜமுனாமரத்தூரிலிருந்து பக்கம்தான். குற்றாலத்தில் அருவி முதுகில் அடித்தால் எல்லா வலியும் போய்விடும் என்று நம்புகிறோமே, அதே நம்பிக்கையைத் துண்டில் முடிந்து எடுத்துப் போங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் இருக்கும், சித்திரையில் போனால் பாறை இருக்கும். தண்ணீர் விழும் இடத்தில் பாசி. அதில் வழுக்கி விழுகிறவர் புது வலியோடுதான் திரும்புவார்; அது அப்போது நாள்பட்ட வலி அல்ல.

அதுவும் போதாதவர்களுக்கு மலையிலேயே மைனஸ் 196 டிகிரிக் குளிர் ஒன்று இருக்கிறது, காவலூரில். 1960களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு ஊர் வெளிச்சம் எட்டாத இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்துத் தொலைநோக்கி வைத்தார். இன்று அது அவர் பெயரிலேயே வானாய்வகம். 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி ஓடுகிறது. 1988 பிப்ரவரியில் காவலூரிலிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு கணித மேதை ராமானுஜத்தின் பெயர் வைத்தார்கள். குளிர் எதற்கு? தொலைநோக்கியின் கேமராவுக்கு. எங்கோ இருக்கும் நட்சத்திரத்திலிருந்து வரும் துளி வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு அது. அறை வெப்பத்தில் இருந்தால், வெளிச்சம் வராதபோதும் வந்ததாகக் கணக்குக் காட்டும். சூடே அதற்குள் பொய்ச் சமிக்ஞையைக் கிளப்பிவிடுகிறது. அதனால் திரவ நைட்ரஜனைக் கொண்டு குளிர வைக்கிறார்கள். பொய் அடங்கி, உண்மை வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது.

மூன்று மாதம் தாண்டிய இடுப்பு வலியும் பல பேருக்கு இந்தக் கேமராவின் சேதிதான். முதலில் ஏதோ ஒரு சுளுக்கு உண்மையாகவே இருந்திருக்கும். அது ஆறின பிறகும் நரம்பு மண்டலம் பழக்கதோஷத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வலி பொய் அல்ல, நன்றாகவே வலிக்கும். ஆனால் அடிபட்ட இடம் இப்போது இடுப்பில் இல்லை. கேமராவையாவது குளிர வைக்கலாம். தண்டுவடத்தையும் மூளையையும் நைட்ரஜனில் முக்கி எடுக்க முடியாது. நீங்கள் ஐஸ் வைப்பது தொலைநோக்கி இருக்கும் கட்டடத்தின் வெளிச்சுவரில்.

நைட்ரஜனைப் பார்த்ததும் பெரிய நகரங்களின் கிரையோ அறை ஞாபகம் வரும். மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழே சில நிமிடம் நிற்க வைத்துக் காசு வாங்கும் கடை அது. 1970களின் கடைசியில் ஜப்பானில் மூட்டுவாத நோயாளிகளுக்காகத் தொடங்கிய முறை. நோய்க்குப் பலன் தருகிறது என்று எந்தக் கருவிக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. நமக்குப் பேப்பர் கப் போதும்.

இனி எவரும் விரும்பாத கட்டம். ஐஸ் வைத்து மரத்த இருபது நிமிடத்தை என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் படுத்துக்கொண்டு அதை அனுபவிப்பார்கள். எழுந்து நடக்க வேண்டிய நேரம் அதுதான். 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சி உண்டு. நீங்கள் ஆன்லைனில் வாங்கிய இடுப்பு பெல்ட்டை அதே வழிகாட்டி வேண்டாம் என்கிறது; இழுவை சிகிச்சையையும் வேண்டாம் என்கிறது. 2024இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் எளிது. வலி வந்து சரியான 701 பேரில் ஒரு பகுதியினரை, கொஞ்சம் ஆலோசனையும் சொல்லிக்கொடுத்து, நடக்க வைத்தார்கள். நடந்தவர்களுக்கு மறுபடி வலி வர, இடைநிலைக் கணக்கில் 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். நடையை விற்க முடியாது. அதனால்தான் அதற்கு விளம்பரம் இல்லை.

ஜவ்வாது மலையில் நடையைத் தவிர்ப்பது கஷ்டம். ஜமுனாமரத்தூரை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் ஏற்றம் அல்லது இறக்கம். முதல் நாள் டீக்கடையிலிருந்து ஏரி வரைக்கும் போதும். பிடித்தால் நின்று, மறுபடி நடக்க வேண்டும். போகப் போக சாமைக் கொல்லை வரைக்கும், பலா மரம் வரைக்கும் என்று நீட்டிக்கொள்ளலாம். வழியில் தலையில் புளி மூட்டையோடு ஒரு பாட்டி உங்களைத் தாண்டிப் போவார். உடனே உங்களுக்கு ஞானம் பிறக்கும்: "மலைவாசிகளுக்கெல்லாம் இடுப்பு வலியே வராது. சாமைச் சோறு, சுத்தமான காற்று!" இதை வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். பாட்டி மூட்டையை மரத்தடியில் இறக்கிவிட்டு, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "எனக்கும்தான் சாமி வலிக்குது. யாரு கேக்குறா?" என்பார். சுமை சுமப்பதும் குனிந்து களை எடுப்பதும் இடுப்புக்கு நல்லது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ரோடு எட்டாத சில ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். டோலியில் படுத்திருப்பவரைப் பற்றி எழுதினார்கள். தூக்கி வந்த நாலு பேரின் இடுப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. வலிக்கு ஐஸ் வைக்க மலை ஏறும் வசதி நமக்கு இருக்கிறது, வலியோடு மலை ஏற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு.

கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினால், தொடை இடுக்கில் உணர்ச்சி போனால், கால் துவண்டால், ஐஸும் வேண்டாம், அத்தையும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு அன்றைக்கே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி, இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

ஊர் திரும்பும்போது சாமை வாங்குங்கள். இங்கே விளைவது, வாங்கினால் விளைவித்தவர் கைக்குக் காசு போகும். எத்தனை கிலோ என்பதை ஆசையிடம் கேட்காமல் இடுப்பிடம் கேளுங்கள். பையைத் தூக்கும்போது உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும்; திருகிக்கொண்டு தூக்கக் கூடாது. பஸ்ஸில் ஏறினால் சீட் காலியாக இருந்தாலும் கொஞ்ச தூரம் நில்லுங்கள். அதே கண்டக்டர் இருந்தால், டீக்கடை ஃப்ரீசரில் மிச்சம் இருந்த பேப்பர் கப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, விளிம்பை எந்த அளவுக்குக் கிழிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருக்கும், அவருக்கு அது போதும்.